எச்.ஐ.வி. உள்ளவர்களின் இருதயத்தைக் காப்பது எப்படி?



"எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அரசாங்கமே மருந்தை இலவசமாகக் கொடுக்கிறதே! அப்படியிருக்க, அவர்களுக்கென்று நாங்கள் அனுப்பும் காணிக்கை எதற்குச் செலவாகிறது?" என்று சபை அங்கத்தினர் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். காணிக்கை கொடுக்கிறவர்கள் கணக்குக் கேட்பது நல்லது. எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் மருந்து இலவசம் என்பது உண்மை. ஆனால் அந்த மருந்தினால் பிழைத்து, இருபது ஆண்டுகள் வாழ்ந்து, இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கிறவர்களுக்கு வேறொரு ஆபத்து வந்திருக்கிறது. அது மாரடைப்பு. இந்த இதழில் அதைப்பற்றிச் சற்று விளக்கமாக எழுத விரும்புகிறோம். எச்.ஐ.வி. இல்லாத உங்களுக்கும் இதில் பயனுள்ள செய்திகள் உண்டு.

கடந்து வந்த பாதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நமது தமிழ்நாட்டில்தான். 1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் அப்பொழுது பரிசோதனை வசதி இல்லை. ஆகவே அவற்றை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். ஒரு மிஷன் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில்தான் இந்த நாட்டின் முதல் எச்.ஐ.வி. முடிவுகள் தெரிய வந்தன.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். மருந்து வெளிநாட்டில் இருந்தது. அதன் விலையோ நமது ஜனங்கள் நினைத்துப் பார்க்க முடியாதது. 2001-ஆம் ஆண்டு மும்பையிலுள்ள சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகள் அடங்கிய சிகிச்சையை ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக முன்வந்தபோதுதான் உலகமெங்கும் ஏழைகளுக்கு வழி திறந்தது. 2004 ஏப்ரல் மாதம் முதல் இந்திய அரசு ஏ.ஆர்.டி. என்னும் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை முதலில் தொடங்கப்பட்ட மையங்களில் ஒன்று. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. மையம் இயங்கி வருகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 25 இலட்சம் பேர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு இது இன்று மரண வியாதி அல்ல. சர்க்கரை வியாதியைப் போல நீண்டகாலம் பராமரிக்கவேண்டிய ஒன்று.

பராமரிக்கவேண்டியது என்று சொல்லும்போதே இருதயம் அதில் வந்துவிடுகிறது.

இருதயத்துக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு, அதே வயதிலுள்ள மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு வரை அதிகம். இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, கிருமியே. திருச்சி நகரத்துக்குள் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். கரை செம்மையாக இருக்கும் இடத்தில் தண்ணீர் தடையின்றி ஓடும். கரை அரித்து, புண்ணாகி, கரடுமுரடாகிவிட்ட இடத்தில் வண்டல் தங்கும், செடி முளைக்கும், குப்பை சேரும், பிறகு ஓட்டம் குறையும். இரத்தக் குழாயும் அப்படியே. எச்.ஐ.வி. உடம்பில் இருக்கும்வரை, உடம்பின் எதிர்ப்பு சக்தி ஓயாமல் ஒரு போராட்டத்தில் இருக்கிறது. மாத்திரையினால் கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தாலும் அந்தப் போராட்டத்தின் வெப்பம் முற்றிலும் அணைவதில்லை. அந்த அழற்சி இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. புண்பட்ட இடத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு.

இரண்டாவது, மருந்துகள். ஆரம்ப நாட்களில் விலை குறைவு என்பதற்காகப் பரவலாகக் கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின் என்ற மருந்து, முகத்திலும் கைகால்களிலும் உள்ள கொழுப்பைக் கரைத்தது. இரத்தத்தில் கொழுப்பைக் கூட்டியது. கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்தே அக்கம்பக்கத்தார் வியாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து வெளியே வராதவர்கள் அநேகர். 2009-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைப் படிப்படியாக விட்டுவிடும்படி சொன்னது. இரண்டாம் கட்ட சிகிச்சையில் பயன்படும் லோபினாவிர், ரிடோனாவிர் மருந்துகளும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பைக் கூட்டக்கூடியவை. 2020 முதல் நம் நாட்டில் படிப்படியாக வந்திருக்கும் டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை கொலஸ்ட்ராலை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. ஆனால் சிலருக்கு அதனால் எடை கூடுகிறது.

மூன்றாவது, எல்லாருக்கும் பொதுவான காரணங்கள்: பீடி, சிகரெட், புகையிலை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தொப்பை, உட்கார்ந்தே செய்யும் வேலை. 52 நாடுகளில் நடத்தி 2004-இல் வெளியிடப்பட்ட இன்டர்ஹார்ட் என்ற ஆய்வில், நம்மைப்போன்ற தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஏறக்குறைய 53 வயதிலேயே வந்தது. மற்ற நாட்டினருக்கு அது சுமார் ஆறு ஆண்டுகள் கழித்தே வந்தது. ஆக, எச்.ஐ.வி. உள்ள ஒரு திருச்சிக்காரர் இரண்டு பாரங்களைச் சேர்த்துச் சுமக்கிறார்.

பெண்களைப்பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்களிடம் வரும் சகோதரிகளில் பலர் கணவன்மூலம் தொற்றுப் பெற்று, இளவயதிலே விதவையானவர்கள். பீடி, மது எதையும் தொடாதவர்கள். "எனக்கு ஏங்கய்யா மாரடைப்பு வரப்போகுது?" என்று கேட்கிறார்கள். மாதவிலக்கு நின்றபிறகு பெண்களுக்கு இயற்கையாக இருக்கும் பாதுகாப்புக் குறைந்துவிடுகிறது. 2004-இல் முப்பது வயதில் மருந்து தொடங்கிய சகோதரிக்கு இப்பொழுது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இவர்கள் நெஞ்சுவலியை வாயுத்தொல்லை என்று தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளக்கூடாது.

மாத்திரையை நிறுத்திவிட்டால் நல்லதா?

"ஏ.ஆர்.டி. மாத்திரை கொழுப்பைக் கூட்டுமாம், அதனால் நிறுத்திவிட்டேன்" என்று சொல்லுகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். தயவுசெய்து இந்தச் செய்தியை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்: நிறுத்தினால் இருதயத்துக்கும் கேடுதான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டு வெளியான ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த 5,472 பேர் பங்குபெற்றனர். ஒரு சாரார் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள். மறு சாரார் எதிர்ப்பு சக்தியின் அளவைப் பார்த்து இடையிடையே நிறுத்தினார்கள். நிறுத்தினால் பக்கவிளைவு குறையும், இருதயத்துக்கும் நல்லது என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறானது. நிறுத்தியவர்களுக்கே மாரடைப்பு போன்ற தொல்லைகள் அதிகம் வந்தன, மரணங்களும் அதிகம். கட்டவிழ்ந்த கிருமி இரத்தக் குழாயை இன்னும் அதிகமாகப் புண்படுத்துகிறது என்பதை அன்றுமுதல் மருத்துவர்கள் தெளிவாக அறிந்துகொண்டார்கள்.

எனவே முதல் விதி இது: ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒருநாளும் தானாக நிறுத்தக்கூடாது. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார். மாற்றுவது வேறு, நிறுத்துவது வேறு.

2023-இல் வந்த நற்செய்தி

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரைகள் பல ஆண்டுகளாக உள்ளவை. மாரடைப்பு வந்தவர்களுக்கும் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் இவை கொடுக்கப்படுகின்றன. ஆனால் எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு இருதய வியாதி இல்லை, கொலஸ்ட்ராலும் அவ்வளவு அதிகமில்லை என்றால், அவருக்கும் இதைக் கொடுக்கலாமா? இந்தக் கேள்விக்கு 2023 வரை திட்டமான பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடி 2015-இல் ரிப்ரீவ் என்ற ஆய்வு தொடங்கியது. இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேர் அதில் சேர்ந்தனர். எல்லாரும் ஏ.ஆர்.டி. சாப்பிடுகிறவர்கள். எல்லாருக்கும் மாரடைப்பு அபாயம் குறைவு அல்லது நடுத்தரம் என்று கணிக்கப்பட்டிருந்தது. பாதிப்பேருக்கு பிடாவாஸ்டாடின் 4 மில்லிகிராம் தினமும் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டது. சுமார் ஐந்து ஆண்டுகள் கவனித்தபின், மருந்து பெற்றவர்களுக்குப் பெரிய இருதயத் தொல்லைகள் 35 விழுக்காடு குறைந்திருந்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்தபடியால் ஆய்வை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள்.

விழுக்காட்டை மட்டும் சொல்லி உங்களை மயக்க விரும்பவில்லை. எளிய கணக்கில் சொல்லுகிறோம். மருந்து பெறாத ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் ஏழு பேருக்குச் சற்று அதிகமாக மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. மருந்து பெற்ற ஆயிரம் பேரில் அது ஐந்துக்குச் சற்றுக் குறைந்தது. ஐந்து ஆண்டுகளில் சுமார் நூறு பேர் மாத்திரை சாப்பிட்டால் ஒருவர் தப்புகிறார். நூறில் ஒன்று சிறிய எண்ணிக்கை என்று சிலர் எண்ணக்கூடும். நூறு ஆடுகளில் ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப்பற்றி ஞாயிறு பள்ளியில் படித்த நமக்கு அது சிறியதல்ல.

பக்கவிளைவுகளையும் மறைக்கவில்லை. தசை வலி மருந்து பெற்றவர்களில் 2.4 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 1.4 விழுக்காட்டினருக்கும் வந்தது. புதிதாகச் சர்க்கரை வியாதி முறையே 5.3, 4.0 விழுக்காட்டினருக்கு வந்தது. ஆகவே இதை மருத்துவரின் ஆலோசனையின்படியே தொடங்கவேண்டும். பிடாவாஸ்டாடின் கிடைக்காத இடத்தில் அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் ஆகியவற்றை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க எண்ணுகிறவர்களும் ஸ்டாடின் பற்றி மருத்துவரிடம் முன்னதாகச் சொல்லவேண்டும்.

இரண்டு சீட்டுகள், ஒரே மனிதர்

இப்பொழுது எங்கள் ஊழியத்தில் நாங்கள் காணும் மெய்யான சிக்கலுக்கு வருகிறோம்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கம் தீவு. கோயிலைச் சுற்றி வீதிக்குள் வீதியாக அமைந்த பழைய ஊர். உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி என்று எல்லா வீதியிலும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மருந்துக்கடைக்காரருக்கு உங்கள் பாட்டனாரைத் தெரியும். இப்படிப்பட்ட ஊரில் எச்.ஐ.வி. உள்ள ஒருவர் என்ன செய்கிறார்? ஏ.ஆர்.டி. மாத்திரையை ஆற்றைக் கடந்து திருச்சிக்கு வந்து, அல்லது இன்னும் தூரமாக வேறு மாவட்டத்துக்குப் போய் வாங்குகிறார். இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டுகிறார். ஏ.ஆர்.டி. மையத்தின் பச்சை அட்டையோ நோட்டோ பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. டாக்டரிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லுவதில்லை. இது ஸ்ரீரங்கத்தின் குற்றமல்ல. உறையூரிலும், பாலக்கரையிலும், நமது சபைகள் இருக்கும் தெருக்களிலும் இதே நிலைதான்.

விளைவு என்ன? ஒரு மனிதருக்கு இரண்டு மருந்துச் சீட்டுகள். ஒன்றை எழுதியவருக்கு மற்றது தெரியாது. இதில் உயிராபத்து இருக்கிறது.

ரிடோனாவிர் கலந்த மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு சிம்வாஸ்டாடின் அல்லது லோவாஸ்டாடின் கொடுக்கவே கூடாது. ரிடோனாவிர், கல்லீரல் அந்த ஸ்டாடினை உடைத்து வெளியேற்றும் வழியை அடைத்துவிடும். ஸ்டாடின் இரத்தத்தில் பலமடங்கு தேங்கி, தசைகள் சிதைந்து, சிறுநீரகமே பழுதாகலாம். அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் கொடுப்பதானால் அளவைக் குறைக்கவேண்டும். பிடாவாஸ்டாடின் வேறு வழியாக வெளியேறுவதால் இந்தத் தொல்லை குறைவு. அந்த ஆய்வுக்கு அதைத் தெரிந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின், இரத்தம் உறையாமல் தடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவையும் ரிடோனாவிருடன் மோதக்கூடியவை.

டொலுடெகிராவிர் சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்டாடினால் இப்படிப்பட்ட மோதல் இல்லை. ஆனால் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இரத்தத்தில் கூடிவிடும். அதன் அளவை மருத்துவர் கட்டுப்படுத்தவேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் சில மருந்துகளும் டொலுடெகிராவிர் உடம்பில் சேருவதைத் தடுக்கும். இவற்றை எப்படி இடைவெளி விட்டுச் சாப்பிடுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இவ்வளவும் மருத்துவருக்குத் தெரிந்த விஷயந்தான். நோயாளி வாய்திறந்து சொன்னால்தானே அந்த அறிவு பயன்படும்? அவர் சொல்லாததற்குக் காரணம் கொலஸ்ட்ரால் அல்ல, வெட்கமும் பயமும். ஆகவேதான் இருதயத்தைக் காக்கும் வேலை, பரிசோதனைக் கூடத்தில் தொடங்குவதற்குமுன் ஒரு மூடிய அறையில், நம்பிக்கைக்குரிய ஒருவரோடு பேசுவதில் தொடங்குகிறது என்று சொல்லுகிறோம். எங்கள் மருத்துவமனையில் செவிலியரும் நாங்களும் முதலில் கேட்பது, "உங்களிடம் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவருவீர்களா?" என்பதே. இரண்டு சீட்டுகளும் ஒரே மேசையில் வந்துவிட்டால் பாதி வெற்றி.

சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காகச் சிகிச்சையை மறுப்பதையும் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. அவருடைய சம்மதமின்றி அவர் நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது.

சமையலறையில் கவனிக்கவேண்டியவை

"நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு எப்படிக் கொலஸ்ட்ரால் வரும்?" என்பது ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்வி. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நமது கல்லீரலே உற்பத்தி செய்கிறது. நெய், வெண்ணெய், தேங்காய், பாமாயில், டால்டா ஆகியவற்றிலுள்ள கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. நெய் ஒழுகும் அக்காரவடிசலும் சைவந்தான், ஆட்டுக்கறியைத் தொடாத வீட்டிலும் மாரடைப்பு வருகிறது. அதேபோல் நமது கிறிஸ்தவ வீடுகளின் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கும் பிரியாணிக்கும் விதிவிலக்குக் கிடையாது!

இன்னொரு பழைய பழக்கமும் இருக்கிறது. அந்நாட்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் மெலிந்துபோனபடியால், "நன்றாக நெய் ஊற்றிச் சாப்பிடு, எடை கூடட்டும்" என்று எல்லாரும் சொன்னோம். அந்த நேரத்துக்கு அது சரியே. இன்று மருந்தினால் எடை தானாகவே சீராகிறது. பழைய ஆலோசனையைத் தொடர்ந்தால் தொப்பைதான் மிஞ்சும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை ஏழைகள் எப்படி விடமுடியும்? விடச்சொல்லி நாங்கள் அவர்களைக் குற்றப்படுத்துவதில்லை. அளவைக் குறைக்கச் சொல்லுகிறோம். ஓர் ஆளுக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் அரை லிட்டர் போதும். கூடுமானால் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெயைக் கலந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக்கூடாது. காந்தி மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் கீரை, வெண்டை, அவரை, சுண்டலுக்கான பயறு வகைகள் இருதயத்துக்கு நண்பர்கள். கேழ்வரகும் கம்பும் நல்லவை. மீன் சாப்பிடுகிறவர்கள் வறுக்காமல் குழம்பாக வைத்துச் சாப்பிடலாம். மணப்பாறை முறுக்கு நமது மாவட்டத்தின் பெருமைதான். அதைப் பண்டிகைக்கு வைத்துக்கொள்ளலாம். உப்பு, ஊறுகாய், அப்பளம் குறைந்தால் இரத்தக் கொதிப்புக் குறையும்.

பீடி, சிகரெட், புகையிலை ஆகியவற்றை விட்டுவிடுவதைப்போல இருதயத்துக்கு நன்மை செய்யக்கூடியது வேறில்லை. நடைப்பயிற்சிக்குச் செலவே இல்லை. தினமும் அரை மணிநேரம், வாரத்தில் ஐந்து நாள், சற்று வேகமாக நடந்தால் போதும். வீதிகளைச் சுற்றி நடப்பது ஸ்ரீரங்கத்தாருக்குப் புதிதல்லவே!

எந்தப் பரிசோதனை, எப்பொழுது?

1. இரத்தக் கொதிப்பு: மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு தடவையும். 140/90-ஐத் தாண்டினால் கவனிக்கவேண்டும்.

2. கொலஸ்ட்ரால்: ஏ.ஆர்.டி. தொடங்கும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும், மருந்து மாற்றினால் சில மாதங்கள் கழித்தும். டிரைகிளிசரைடு அதிகமுள்ளவர்கள் வெறும் வயிற்றில் வரவேண்டும். மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழும், எல்.டி.எல். 100-க்குக் கீழும், டிரைகிளிசரைடு 150-க்குக் கீழும் இருப்பது நல்லது.

3. சர்க்கரை: ஆண்டுக்கு ஒருமுறை. ஸ்டாடின் சாப்பிடுகிறவர்கள் தவறாமல்.

4. எடையும் இடுப்புச் சுற்றளவும்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

5. நாற்பது வயதைத் தாண்டியவர்கள்: "எனக்கு ஸ்டாடின் மாத்திரை தேவையா?" என்று மருத்துவரிடம் தாங்களாகவே கேட்கவேண்டும். எல்.டி.எல். சரியாக இருக்கிறது என்பதால் கேட்காமல் இருந்துவிடக்கூடாது.

நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், காரணமில்லாத களைப்பு இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவேண்டும். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதும் அவசியம். அந்த அவசர நேரத்திலும் ஏ.ஆர்.டி. மாத்திரையைப்பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும்.

உங்கள் காணிக்கை செய்யும் வேலை

ஆரம்பத்தில் எழுதிய கேள்விக்கு இப்பொழுது பதில் சொல்லுகிறோம். ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசம். அடோர்வாஸ்டாடினும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மருந்துதான். ஆனால் கட்டிட வேலைக்குப் போகும் ஒரு சகோதரி ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஒருநாள் கூலியை இழந்து போகிறார். வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க இன்னொரு நாள். முடிவை வாங்க மற்றொரு நாள். மூன்று நாள் கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே, வியாதியே இல்லாததுபோலத் தோன்றும் இருதயத்தை அவர் தள்ளிப்போடுகிறார். உங்கள் காணிக்கை அவருடைய பேருந்துக் கட்டணமாகிறது. இரத்தப் பரிசோதனையை அன்றே செய்து அன்றே முடிவு சொல்ல உதவுகிறது. தவணைக்கு வராதவரைத் தேடி, பெயர்ப்பலகை இல்லாத வாகனத்தில், சாதாரணப் புடவையில் போகும் ஒரு செவிலியரின் சம்பளமாகிறது. பெரிய கட்டிடம் எதுவும் இதில் எழும்புவதில்லை. கல்வெட்டில் பெயர் பொறிக்கவும் இடமில்லை.

நல்ல சமாரியனின் உவமையைப் பிரசங்கிக்கும்போது நாம் எண்ணெயையும் திராட்சரசத்தையும் பற்றி அதிகம் பேசுகிறோம். அவன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொன்னதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறோம். காயம் கட்டியதோடு அவன் கடமை முடிந்துவிடவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் செய்யும் ஊழியம் இன்று சத்திரக்காரனுக்குக் கொடுக்கும் அந்த இரண்டாம் தொகையைப் போன்றது.

பணத்தைவிட மேலான ஓர் உதவியும் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் சபையில், பெண்கள் ஐக்கியத்தில், வாலிபர் கூட்டத்தில் எச்.ஐ.வி. உள்ள ஒருவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அந்த வியாதியைப்பற்றி நீங்கள் பேசும் விதத்தைக் கேட்டுத்தான், டாக்டரிடம் உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்கிறார். ஏளனமாக ஒரு வார்த்தை விழுந்தால் சீட்டு மறுபடியும் துணிக்கு அடியில் போய்விடும்.

ஜெபத்திற்காக

* ஏ.ஆர்.டி. மாத்திரையைப் பயத்தினால் நிறுத்தியிருக்கிறவர்கள் மீண்டும் மையத்துக்குத் திரும்பும்படி.

* ஐம்பது வயதைத் தாண்டி, தனியாக வாழும் விதவைச் சகோதரிகளின் சுகத்துக்காக.

* திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதிகளில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சிகிச்சை செய்யும் அரசு, தனியார், மிஷன் மருத்துவர்களும் செவிலியரும் ஒருமனதாக வேலை செய்யும்படி.

* தங்கள் நிலையை மருத்துவரிடம் தைரியமாகச் சொல்ல ஒவ்வொருவருக்கும் பெலன் கிடைக்கும்படி.

 இந்த இதழைப் படித்தபின் எறிந்துவிடாமல் இன்னொருவர் கையில் கொடுக்கும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை போதகரும் உடன் ஊழியரும்
திருச்சிராப்பள்ளி